பச்சைப் பையில் வந்த வெண்டைக்காய்

துபாயின் அல் குசைஸில், ஷார்ஜா பக்கம் திரும்பும் பெரிய சாலையை ஒட்டி, சுஐபு குரோசரி என்று ஒரு கடை இருக்கிறது. முப்பத்தெட்டு வருடமாக அதே இடத்தில் இருக்கிறது. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் கடைக்காரர் சுஐபுவின் வீடு. அந்த வீட்டில் கை நனைத்தவர்கள் யாரும் அவர் மனைவி அஸ்மத் பீவியின் சமையலைக் குறை சொன்னதில்லை. அவள் ஆக்கிய தாளிச்சாவைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நல்ல கத்திரிக்காய் எங்கே கிடைத்தது என்று கேட்டுப் போனவர்கள் உண்டு. அவள் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அந்தக் கத்திரிக்காய் எப்படி வந்தது என்பது அவளுக்கும் அவள் கத்திக்கும்தான் தெரியும்.

கடைக்காரர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கீழே கடை நிறையச் சாமான் கிடக்கிறதே, வேண்டியதை அள்ளி வந்து ஆக்குவாள் என்று நினைப்பார்கள். கடையில் இருக்கிற நல்லது விற்பதற்கு. விற்காமல் நின்றதுதான் வீட்டுக்கு. இது சுஐபு கண்டுபிடித்த சட்டமில்லை. கீழக்கரையில் அவர் வாப்பா கடை வைத்திருந்த காலத்திலேயே அப்படித்தான்.

மதியத் தொழுகைக்குக் கடையை அடைக்கும் முன் முகம்மது சித்தீக் ஒரு பையோடு மாடிக்கு வருவார். இருபது வருடமாகக் கடையில் நிற்கும் ஊர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் பை கூடாது என்று சட்டம் வந்த பிறகு சுஐபு தன் கடைப் பெயரை அச்சடித்துப் பச்சைத் துணிப்பைகள் தைத்து வைத்திருந்தார். அந்தப் பையில் ஒரு பக்கம் கனிந்து போன தக்காளி இருக்கும். ஓட்டை விழுந்த கத்திரிக்காய், மஞ்சள் பூத்த மல்லித்தழை, நசுங்கிய கடலை டின், நாளையோடு தேதி முடிகிற ரொட்டி, உடைந்த ரஸ்க் பாக்கெட் எல்லாம் இருக்கும். அஸ்மத் பீவி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். கெட்ட பக்கத்தை வெட்டி எறிவாள். மிச்சத்தை வைத்து அவள் செய்கிற வேலையைத்தான் வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள்.

ஊரிலிருந்து வந்து புருஷனோடு குடும்பம் நடத்தத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் துபாயில் ஒரு காய் கூட விலைக்கு வாங்கியதில்லை. அடுத்த கடைப் பையைக் கையில் பிடித்ததுமில்லை. கடைக்காரன் பெண்டாட்டி இன்னொரு கடைப் பையோடு தெருவில் நடந்தால், அவன் கடையில் ஏதோ சரியில்லை என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சு வராமல் காப்பது தன் பொறுப்பு என்று அவள் இருந்தாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

இப்படி நடந்துகொண்டிருந்த காரியத்தில் டாக்டரம்மா கை வைத்தார்.

நோன்புக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு ஒன்பதரைக்கு மேல் நின்றது. டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில், காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். தேயிலையோடு ரஸ்க், சில நாள் ரொட்டி, வீணாகக் கூடாதல்லவா என்று அஸ்மத் பீவி கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரையைக் கூட்டி எழுதினார். பச்சைக் காய், கீரை, மீன், பயறு என்று சாப்பாட்டை மாற்றச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: இந்தச் சர்க்கரையோடு இந்த வருடம் நோன்பு பிடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். நோன்புக்கு முன்னால் ஒரு தடவை பார்ப்போம். எட்டுக்குக் கீழே வந்தால் அப்போது பேசலாம்.

அஸ்மத் பீவி பத்து வயதில் முதல் நோன்பு பிடித்தவள். பிள்ளை பெற்ற வருடங்களில் விட்டுப்போன நோன்பைக் கூட விரல் விட்டு எண்ணி, பிறகு பிடித்து முடித்தவள். அறுபத்தாறு வயது வரைக்கும் அவள் பேரில் ஒரு நோன்பு பாக்கி கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் சுஐபு ஆறுதலாக, முடியாதவர்கள் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்று மார்க்கத்திலேயே வழி இருக்கிறதே என்றார்.

"முடியாதவங்களுக்கு அது. எனக்கு முடியும். என் நோன்பை அரிசி அளந்து தீர்க்கச் சொல்றியளா?" என்றாள்.

சுஐபு டாக்ஸிக்காரருக்கு வழி சொல்லத் தொடங்கினார்.

அந்த வாரக் கடைசியில் ஷார்ஜாவிலிருந்து மகன் ராஜிக்கும் மருமகள் அஃப்னாவும் வந்தார்கள். சுஐபுவுக்குக் கடை விசாவில் தனி இன்சூரன்ஸ் இருந்தது. உம்மாவுக்கு மட்டும் அந்த வருடம் ராஜிக் கொஞ்சம் நல்லதாகப் பார்த்து மாற்றி எடுத்திருந்தான். அதோடு கூடவே அறுபது தாண்டியவர்களுக்கென்று தனியாக ஒரு கார்டும் வந்திருந்தது. அஃப்னாதான் உறையைப் பிரித்து விளக்கினாள். மாதம் ஒன்றாம் தேதி அதில் ஒரு தொகை விழும். காய், கீரை, பழம், மீன், முட்டை, பயறு வாங்கிக்கொள்ளலாம். சீனி, சோடா, பிஸ்கட், ரஸ்க் எதற்கும் மிஷின் தலையாட்டாது. மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் அந்த மாதத்துக்கானது போய்விடும்.

அஸ்மத் பீவிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். மற்ற எழுத்தோடு அவளுக்குப் பழக்கமில்லை. கார்டில் புடைத்து நின்ற எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். உங்க பேருதான் மாமி என்றாள் அஃப்னா.

சுஐபு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கடையில் எடுப்பார்கள் என்று மட்டும் கேட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டில் என்று தெரிந்ததும், கார்டை வாங்கி, பழைய பாஸ்போர்ட்டுகள் கிடக்கும் தகரப் பெட்டியில் போட்டு மூடினார். நம்ம கடையிலேயே எல்லாம் இருக்கே என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அந்த சூப்பர் மார்க்கெட் வந்த நாளிலிருந்து அவர் வியாபாரம் பாதியாகிவிட்டது. அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை.

அந்த மாதம் அப்படியே போயிற்று. பை வந்தது, ரஸ்க் வந்தது, நோன்பு ஒரு மாதம் கிட்டே வந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி ஒரு போன். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஷ்ருதி என்று ஒரு பெண், கோயம்புத்தூர்க்காரி. அம்மா, போன மாசத்துக்கானது நீங்க எடுக்காமயே போயிருச்சுங்களே, கார்டு ஏதாவது கெட்டுப் போச்சுங்களா என்று விசாரித்தாள். அஸ்மத் பீவி நேரே கேட்டாள்: இது ஸகாத்துப் பணமா? நாங்கள் ஸகாத்துக் கொடுக்கிற வீடு, வாங்குகிற வீடு இல்லை.

"அது தானமெல்லாம் இல்லீங்கம்மா. உங்க பையன் கட்டுற இன்சூரன்ஸுலயே சேர்ந்ததுங்க. நீங்க நல்லதாச் சாப்பிட்டா எங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு குறையும். அதுக்காகத்தான் தர்றோம்."

இந்தப் பேச்சு அஸ்மத் பீவிக்குப் பிடித்துப்போயிற்று. இதில் தயவு ஒன்றும் இல்லை. கொடுக்கிறவனுக்கும் லாபம் இருக்கிறது. வியாபாரக்காரன் பெண்டாட்டிக்கு இது போதும். போனை வைத்துவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

ஆனால் புருஷன் கடைப் பேரையும் காக்க வேண்டுமே. அவள் ஒரு யோசனை செய்தாள். தன் கடையின் பச்சைத் துணிப்பை ஒன்றை நாலாக மடித்து அபாயாவுக்குள் வைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு சுஐபு போன் ஆர்டர்களில் மூழ்கியிருப்பார். அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தின் பின்வாசலால் இறங்கி, மசூதிப் பக்கம் சுற்றிச் சாலையைக் கடந்தாள். வாங்குவதை அந்தக் கடைப் பையில் போட மாட்டாள். தன் வீட்டுக்காரர் பேர் போட்ட பையில் போட்டுக் கொண்டுவருவாள். பார்க்கிறவர்களுக்குச் சுஐபு கடைச் சாமானாகத்தானே தெரியும்.

உள்ளே காய்கறி இருந்த இடம் ஒரு கூடம் போல இருந்தது. குளிர்ந்த காற்று, மேலேயிருந்து பனி மாதிரி தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. அஸ்மத் பீவி தக்காளி முன்னால் நின்றாள். அவள் கை தானாக அடியில் போயிற்று. மேலே இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அடியில் அமுங்கிக் கிடந்த இரண்டு தக்காளியை எடுத்துப் பையில் போட்டுவிட்டது. எடுத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், அவள் கை தன் பங்கை எடுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் அந்தத் தக்காளியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு இரண்டையும் திருப்பி வைத்தாள். மேலே, எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை எடுத்தாள். தோல் இறுகி, காம்பு பச்சையாக இருந்தது. அடுத்து வெண்டைக்காய்க்குப் போனாள். நுனியை ஒடித்தாள். பட்டென்று முறிந்தது. சுஐபு கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடிக்க ஒருவரையும் விடமாட்டார்; எழுதியே ஒட்டியிருக்கிறார். இங்கே யாரும் கேட்கவில்லை. அவள் ஒவ்வொன்றாக ஒடித்து ஒடித்து எடுத்தாள். பாகற்காய், முருங்கைக் கீரை, பாசிப்பயறு, ஐந்தாறு மத்தி மீன். பழக்க தோஷத்தில் ஒரு ரஸ்க் பாக்கெட்டையும் தூக்கிவந்திருந்தாள். கல்லாவில் இருந்த மலையாளப் பெண், இது மட்டும் மிஷின் எடுக்கலை உம்மா என்று தனியே வைத்தாள். அஸ்மத் பீவி மிஷினை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மாவும் இதுவும் பேசி வைத்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் சாப்பாடு மாறியது. முன்பெல்லாம் சித்தீக் கொண்டுவந்த பை தீரும்வரை அதிலேதான் சமையல். இப்போது அதில் தேறுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, ரொட்டி ரஸ்க் எதையும் மேலே கொண்டுவர வேண்டாம் என்று சித்தீக்கிடம் சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சுஐபுவுக்கோ சாப்பாடு ருசித்தது. ஒருநாள் வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சித்தீக் இப்பதான் பார்த்து எடுத்து அனுப்புறான் என்றார். கீழே போய் சித்தீக்கையும் பாராட்டியிருக்கிறார். இருபது வருடத்தில் முதல் பாராட்டு. சித்தீக் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டி வைத்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. அவளைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பச்சைப் பைதான்.

மூன்றாம் மாடியில் அகிலா என்று ஒரு சிவகங்கைப் பெண் இருக்கிறாள். லிஃப்டில் அஸ்மத் பீவியின் பையை எட்டிப் பார்த்து, வெண்டைக்காய் எவ்வளவு பிஞ்சா இருக்கு மாமி, நம்ம கடையிலயா என்று கேட்டாள். அஸ்மத் பீவி பொய் சொல்லவில்லை. பையில பேரு போட்டிருக்கே, பார்க்கலையா என்றாள். அகிலா நேரே கீழே போய் அதே வெண்டைக்காய் வேண்டும் என்றாள். சுஐபு தன் பெட்டியைக் காட்டினார். அது காலையில் வந்த சரக்கு, கொஞ்சம் முற்றல்.

"இது இல்ல பாய். மாமிக்குக் குடுத்தீங்களே, அது. நல்லதை வீட்டுக்கு எடுத்து வச்சுக்கிட்டு எங்களுக்கு இதைத் தள்ளுறீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

சுஐபுவை முப்பத்தெட்டு வருடத்தில் யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். நல்லதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டார் என்று ஒருவரும் சொன்னதில்லை. மதியம் மாடிக்கு வந்தவர் தட்டில் இருந்த வெண்டைக்காய்த் துண்டு ஒன்றை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"இது எங்கேயிருந்து வந்துச்சு அஸ்மத்து?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து."

"என் பேரு போட்ட பையில அவன் கடைக் காயா?"

"உங்க பேருக்கு ஒரு சொல் வரக்கூடாதுன்னுதான் அந்தப் பையைக் கொண்டுட்டுப் போனேன். கார்டு என் பேர்ல வந்திருக்கு. எனக்கு நோன்பு பிடிக்கணும்."

நம்ம கடையில் இல்லாததா அங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். குரல் உயரவில்லை. அவர் கோபப்பட்டால் குரல் இறங்கும்.

அஸ்மத் பீவி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ராஜிக் வாப்பா, உங்க கடையில நல்ல காய் இருக்குன்னு ஊரே சொல்லுது. இருக்கும். இருபத்திரண்டு வருசத்துல எனக்கு ஒண்ணு வந்ததில்லையே. எனக்கு எப்படித் தெரியும்?"

சுஐபு தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். தொழுகைக்குப் போனார்.

மறுநாள் மதியம் வந்த பையில் எல்லாமே மேலடுக்குக் காய். தக்காளி கண்ணாடி மாதிரி இருந்தது. சித்தீக் முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார். அஸ்மத் பீவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நல்ல காய்தான் என்று ஒப்புக்கொண்டாள், பையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரோ பொறுக்கிக் கொடுத்ததை இனிமேல் வாங்குவதாக இல்லை என்று சொல்லச் சொன்னாள்.

அன்று மதியம் சுஐபு வந்து, சரி, நீயே கடைக்கு வந்து கைவைத்து எடுத்துக்கொள், யார் தடுத்தது என்றார். அது அவருக்குப் பெரிய இறக்கம். அதற்கும் அவள் அசையவில்லை.

"உங்க கடையில சும்மா எடுக்கச் சொன்னா என் கை அடியிலதான் போகும். விக்கிறதை எடுக்க எனக்கு மனசு வராது. நான் கார்டை நீட்டி எடுத்தா, நானும் வாங்க வந்தவ. கார்டு எடுக்கிற மிஷினை உங்க கடையில வையுங்க, வர்றேன்."

இதற்கு வழி உண்டா என்று அவள் ஏற்கனவே ஷ்ருதியிடம் கேட்டு வைத்திருந்தாள். தெருக்கடைகளும் சேரலாமாம். கீரை வைக்கக் கண்ணாடிக் கதவுள்ள குளிர்பெட்டி வேண்டும், எடைச்சீட்டு ஒட்டுகிற தராசு வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள். கடைக்காரர் வீட்டு ஆளே வாங்கினால் பில்லை வேறொருவர் போட வேண்டும். சுஐபு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முப்பத்தெட்டு வருடம் கடை வைத்தவன் இன்னொருத்தன் மிஷினுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

சரி என்றாள் அஸ்மத் பீவி. அவள் சரி என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தமில்லை. அடுத்த தடவை அவள் பச்சைப் பையை எடுத்துப் போகவில்லை. சூப்பர் மார்க்கெட்டின் சிவப்புப் பையிலேயே வாங்கினாள். பின்வாசலால் வரவில்லை. நேரே சாலையைக் கடந்து, சுஐபு குரோசரி வாசலை ஒட்டி, பையைத் தெருப்பக்கக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் அந்த இருபது அடியில் அது கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது போலிருந்தது.

காக்கா, லாத்தா போறாங்க என்று, அண்ணன் அக்கா முறை வைத்து, சித்தீக் சொல்வார். தெரியுது என்பார் சுஐபு. மூன்று நாளைக்கு ஒரு தடவை இந்தப் பேச்சு நடந்தது. தெருவே பார்த்தது. தேயிலைக் கடைக்காரர் ஒருநாள், என்ன பாய், வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்டேவிட்டார். சுஐபு அவருக்கு மிச்சச் சில்லறையைக் கொடுத்துத் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி பத்துத் தேதிவாக்கில் அந்தச் சிவப்புப் பையின் காது அறுந்தது. கடை வாசலுக்கு நேர் எதிரே. தக்காளி உருண்டு நடைபாதை முழுக்க ஓடியது. அஸ்மத் பீவி குனிய முடியாமல் நின்றாள். சித்தீக் வெளியே வருவதற்குள் சுஐபுவே கல்லாவை விட்டு இறங்கி வந்துவிட்டார். எழுபது வயது மனிதர் நடைபாதையில் குந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

பொறுக்கிக்கொண்டே இருந்தவரின் கை நின்றது. ஒரு தக்காளியைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு வெண்டைக்காயைப் பார்த்தார், பாகற்காயைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் விடியக்காலையில் சந்தைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகக் காய் பார்த்த கண் அது. ஒன்றுகூட சொத்தை இல்லை. ஒன்றுகூட முற்றல் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே பருவம்.

"எப்படிப் பார்த்து எடுத்தே?" என்று கேட்டார். வாசலில் நின்று, சித்தீக் காதில் விழும்படியே கேட்டார்.

"இருபத்திரண்டு வருசமாக் கெட்டதையே பார்த்திருக்கேன். நல்லது தெரியாதா எனக்கு?"

சுஐபு உள்ளே போய் ஒரு பச்சைப் பையை எடுத்துவந்தார். பொறுக்கியதையெல்லாம் அதில் போட்டு அவளிடம் கொடுத்தார். அன்று சாயங்காலம் ராஜிக்குக்குப் போன் செய்து, அந்த மிஷின்காரர்களுக்கு என்னென்ன பேப்பர் கொடுக்க வேண்டும் என்று விசாரித்தார்.

ஆள் வந்து பார்த்துப் படம் பிடித்துப் போனான். கண்ணாடிப் பெட்டி வந்தது. தேதி நெருங்கிய சாமான் அந்த அலமாரிப் பக்கமே இருக்கக் கூடாது என்றார்கள். சுஐபு முனகிக்கொண்டேதான் எல்லாம் செய்தார். ஆனால் கீரைக்கு இரண்டாம் தடவை சந்தைக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார். விற்காமல் நிற்கிற காயைப் பாதி விலைக்கு வாசலில் ஒரு கூடையில் வைத்தார். பேச்சுலர் ரூம்காரர்கள் வேலை முடிந்து வரும்போது அள்ளிக்கொண்டு போனார்கள். சித்தீக் மாடிக்குப் பை தூக்கும் வேலை நின்றது. பிப்ரவரி முதல் வாரத்தில் அந்தக் கார்டு இங்கே செல்லும் என்று கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அகிலாதான் அதை அஸ்மத் பீவிக்குப் படித்துக் காட்டினாள்.

நோன்புக்கு முந்தின வாரம் டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். ஏழும் கொஞ்சமும். மாத்திரையும் வேலை செய்திருக்கிறது, சாப்பாடும் வேலை செய்திருக்கிறது என்றார் அவர். மாத்திரை முன்னாலும் தின்றுகொண்டுதானே இருந்தேன் என்றாள் அஸ்மத் பீவி. டாக்டரம்மா மாத்திரை நேரத்தை மாற்றி எழுதினார். மதியமும் சாயங்கால அஸர் தொழுகை நேரத்திலும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், இந்த எண்ணுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும், சம்மதமா என்று கேட்டார். எதற்கும் உடனே சம்மதம் சொல்லாத அஸ்மத் பீவி இதற்குச் சொன்னாள். அந்த எண்ணை மட்டும் அஃப்னாவிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.

பிறை தெரியும் நாள். அஸருக்குப் பிறகு அவள் நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டு, கார்டைக் கையில் பிடித்து, லிஃப்டில் இறங்கி, கடையின் முன்வாசலால் உள்ளே போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாசலில் அவள் வாங்க வந்தவளாக நுழைந்தது அன்றுதான். சித்தீக் மிஷின் பக்கம் நின்றார். சுஐபு தராசுப் பக்கம் நின்றார். கடையில் நல்ல கூட்டம். முதல் சஹருக்கு, விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, எல்லோரும் வாங்க வந்திருந்தார்கள்.

அவள் தக்காளிப் பெட்டி முன் நின்றாள். சுஐபு பழக்கத்தில் கையை நீட்டி, ஓரமாகக் கிடந்த ஒன்றை எடுத்து அவள் தட்டில் போடப் போனார். பாதியில் அவருக்கே தெரிந்து நின்றார். அஸ்மத் பீவி அந்தத் தக்காளியை அவர் கையிலிருந்து வாங்கி, வாசல் கூடைப் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு மேலே இருந்ததை எடுத்தாள். முருங்கைக் கீரையை உதறிப் பார்த்தாள். வெண்டைக்காய்க்கு வந்தாள். நுனியை ஒடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிய அட்டை அவள் தலைக்கு நேர் மேலே தொங்கியது. அவளுக்குத்தான் அந்த எழுத்துத் தெரியாதே. ஒன்றை எடுத்தாள், பட்டென்று ஒடித்தாள். அடுத்ததை எடுத்தாள், ஒடித்தாள். சுஐபு கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் பொறுமை இல்லாமல், பாய், எனக்கு இந்த ரெண்டு சாமான்தான், சீக்கிரம் போட்டு விட்டுடுங்க என்றார்.

"இருங்க" என்றார் சுஐபு. "முன்னால வந்தவங்க இன்னும் எடுத்து முடிக்கலை."